ஆறடி மீன்தொட்டி: கண்ணாடி வாங்கும் முன் கணக்குப் போடுங்கள்

இரண்டடித் தொட்டியில் நாலைந்து மீன்களை வளர்த்துப் பழகியவர்களுக்கு அடுத்து வரும் ஆசை பெரும்பாலும் ஒன்றுதான்: வரவேற்பறைச் சுவரோரம் ஆறடி நீளத்தில் ஒரு பெரிய தொட்டி. கடையில் ஆயத்தமாக வாங்கினால் விலை கையைக் கடிக்கும். கண்ணாடியை வெட்டி வாங்கி வீட்டிலேயே ஒட்டினால் செலவு குறையும். பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு சேர்ந்து செய்யக்கூடிய நல்ல வேலை அது.

ஆனால், பெரிய தொட்டி என்பது சிறிய தொட்டியைப் பெரிதாக்கியது மட்டுமல்ல. அளவு கூடும்போது எடையும் அழுத்தமும் வேறு வேறு வேகத்தில் கூடுகின்றன. எனவே முதலில் போக வேண்டிய இடம் கண்ணாடிக் கடை அன்று, படிப்பு மேசை. ஒரு தாள், ஒரு பென்சில், ஒரு கணிப்பொறி இருந்தால் போதும்.

உதாரணத்திற்கு, பேராக்கின் தென்பகுதியில் உள்ள சிலிம் ரிவரில் உங்கள் வீடு இருப்பதாக வைத்துக்கொள்வோம். தொட்டியின் நீளம் 180 செ.மீ., அகலம் 60 செ.மீ., உயரம் 60 செ.மீ. இதைக் கட்டலாமா?

நீளமா, உயரமா?

ஒரு கன செ.மீ. நீரின் எடை 1 கிராம். 60 செ.மீ. ஆழத்தில், ஒவ்வொரு சதுர செ.மீ. பரப்பின் மேலும் 60 கன செ.மீ. நீர் நிற்கிறது. ஆகவே அங்கே அழுத்தம் சதுர செ.மீ.க்கு 60 கிராம். நீரின் அழுத்தம் கீழ்நோக்கி மட்டுமல்ல, எல்லாத் திசைகளிலும் செயல்படும் என்பது உங்களுக்குத் தெரியும். அதனால் முன்பக்கக் கண்ணாடியையும் அது வெளிப்புறமாகத் தள்ளுகிறது.

நீர்மட்டத்தில் அழுத்தம் சுழி. அடியில் 60 கிராம். சராசரி 30 கிராம். முன் கண்ணாடியின் பரப்பு 180 × 60 = 10,800 சதுர செ.மீ. இரண்டையும் பெருக்கினால் 324,000 கிராம், அதாவது 324 கிலோ. தொட்டி விளிம்புவரை நிரம்பியிருந்தால், இத்தனை எடைக்குச் சமமான விசை அந்த ஒரு கண்ணாடியை இரவு பகலாகத் தள்ளிக்கொண்டிருக்கும்.

இப்போது ஆசை கொஞ்சம் பெருகுகிறது. தொட்டியை ஒன்றரை மடங்கு பெரிதாக்கலாம் என்று நினைக்கிறீர்கள். அதற்கு இரண்டு வழிகள் உண்டு. உயரத்தை 90 செ.மீ. ஆக்கலாம், அல்லது நீளத்தை 270 செ.மீ. ஆக்கலாம். இரண்டிலும் கொள்ளளவு 972 லிட்டர்தான். ஆனால் கண்ணாடிக்கு இரண்டும் ஒன்றல்ல.

உயரத்தைக் கூட்டினால் சராசரி அழுத்தம் 45 கிராம், பரப்பு 16,200 சதுர செ.மீ. முன் கண்ணாடியின் மேல் விசை 729 கிலோவாக, அதாவது இரண்டே கால் மடங்காக ஏறிவிடுகிறது. நீளத்தைக் கூட்டினால் சராசரி அழுத்தம் மாறுவதில்லை. பரப்பு மட்டும் கூடுவதால் விசை 486 கிலோ. அதுவும் நீண்ட கண்ணாடி முழுவதும் பரவி நிற்கிறது. உயரம் இரு முறை கணக்கில் வருகிறது: ஒருமுறை அழுத்தமாக, மறுமுறை பரப்பாக. விசை உயரத்தின் வர்க்கத்திற்கேற்பக் கூடுவது இதனால்தான்.

இந்தக் கணக்கில் தொட்டியின் அகலம் எங்கும் வரவில்லை என்பதைக் கவனித்தீர்களா? முன் கண்ணாடிக்குப் பின்னால் இருப்பது 60 செ.மீ. நீராக இருந்தாலும் ஒரு ஏரியே இருந்தாலும், ஆழம் ஒன்றாக இருந்தால் அழுத்தமும் ஒன்றே. நம்பக் கடினமான இந்த உண்மையை சைமன் ஸ்டெவின் என்ற அறிஞர் 1586-ஆம் ஆண்டிலேயே விளக்கி எழுதினார். அணைக்கட்டை வடிவமைக்கும் பொறியாளர்களும் இதே கணக்கைத்தான் போடுகிறார்கள். அணைகளின் அடிப்பகுதி அகன்று தடித்திருப்பதற்கும் இதுவே காரணம்.

மீன்களும் நீளத்தின் பக்கமே நிற்கின்றன. ஆக்சிஜன் காற்றிலிருந்து நீர்ப்பரப்பின் வழியாகவே கரைகிறது. உயரமான தொட்டியின் நீர்ப்பரப்பு 10,800 சதுர செ.மீ.; நீளமான தொட்டியிலோ 16,200. நம் வெப்பத்தில் இது முக்கியம். 20 பாகை செல்சியஸில் ஒரு லிட்டர் நீர் ஏறக்குறைய 9.1 மில்லிகிராம் ஆக்சிஜனைக் கரைத்து வைத்திருக்கும். 28 பாகையில் அது 7.8 மில்லிகிராமாகக் குறைந்துவிடும். நம் நாட்டுத் தொட்டிக்குச் சூடேற்றி தேவையில்லை. ஆனால் அகன்ற நீர்ப்பரப்பு கட்டாயம் தேவை.

ஆகவே முதல் விதி: தொட்டியை நீட்டுங்கள், அகலப்படுத்துங்கள், உயர்த்தாதீர்கள்.

பெர்லினில் உடைந்த தொட்டி

உயரத்தின் பிடிவாதத்தை உலகம் பார்த்த நாள் ஒன்று உண்டு. ஜெர்மனியின் தலைநகர் பெர்லினில், ஒரு ஹோட்டலின் முகப்புக் கூடத்தில் ‘அக்வாடோம்’ என்ற உருளை வடிவ மீன்தொட்டி நின்றது. உயரம் சுமார் 14 மீட்டர். நீர் சுமார் 10 லட்சம் லிட்டர். மீன்கள் ஏறக்குறைய 1,500. அது கண்ணாடியால் ஆனதல்ல, தடித்த அக்ரிலிக்கால் ஆனது. 2022 டிசம்பர் 16-ஆம் நாள் அதிகாலையில் அது திடீரென வெடித்துச் சிதறியது. நீர் தெருவரை பாய்ந்தது, இருவர் காயமடைந்தனர், பெரும்பாலான மீன்கள் மடிந்தன. விடிவதற்கு முன் நடந்ததால் கூடத்தில் கூட்டம் இல்லை.

14 மீட்டர் ஆழத்தில், நீர் ஒவ்வொரு சதுர மீட்டரையும் 14 டன் எடைக்குச் சமமாக அழுத்துகிறது. வல்லுநர்கள் ஒட்டுமூட்டுகளின் பலவீனம் உட்படப் பல சாத்தியங்களை ஆராய்ந்தார்கள். உறுதியான காரணம் இதுதான் என்று அவர்களால் முடிவு கட்ட இயலவில்லை. தேர்ந்த பொறியாளர்களின் வேலையே அப்படி உடையக்கூடும் என்றால், வீட்டில் கட்டுபவர் ஓரளவு கூடுதல் பலம் சேர்த்தே கட்ட வேண்டும்.

கண்ணாடியின் பலம் அதன் தடிமனைப் பொறுத்தது. தடிமனை இரு மடங்காக்கினால் கண்ணாடி நான்கு மடங்கு சுமை தாங்கும். வளைவது எட்டில் ஒரு பங்காகக் குறையும். நம் 60 செ.மீ. உயரத் தொட்டிக்கு 12 மி.மீ. கண்ணாடி வழக்கமான தேர்வு. அதோடு மேல் விளிம்பு நெடுக உட்புறமாகக் கண்ணாடிப் பட்டைகளும், முன்னும் பின்னும் இணைக்கும் குறுக்குப் பட்டைகளும் ஒட்ட வேண்டும். நீண்ட கண்ணாடியின் மேல் விளிம்புதான் நடுவில் வெளிப்பக்கம் வளையும். அதை இழுத்துப் பிடிப்பவை இந்தப் பட்டைகளே. பட்டைகள் அழகுக்காக அல்ல.

தரை தாங்குமா?

இனி எடை. 12 மி.மீ. கண்ணாடி ஒரு சதுர மீட்டருக்கு 30 கிலோ. ஐந்து பக்கங்களும் சேர்ந்து சுமார் 119 கிலோ. அடியில் 5 செ.மீ. மணல் பரப்பினால் 80 கிலோவுக்கு மேல். அதன்மேல் 50 செ.மீ. நீர் நிரப்பினால் 540 லிட்டர், அதாவது 540 கிலோ. இரும்புத் தாங்கியையும் சேர்த்தால் 800 கிலோவைத் தாண்டுகிறது. ஒரு பெரோடுவா கஞ்சில் காரைவிட இது கனம். அந்தக் கனம் முழுவதும் ஒரு சதுர மீட்டரைச் சற்றே தாண்டிய இடத்தில் நிற்கப் போகிறது.

வீடுகளின் மேல்மாடித் தளத்தைப் பொதுவாக சதுர மீட்டருக்கு 150 கிலோ என்ற அளவில் கணக்கிட்டு வடிவமைக்கிறார்கள். ஆகவே பெரிய தொட்டியை மாடியில் வைப்பதை மறந்துவிடுங்கள். பழைய தோட்ட வீடுகளைப்போல் கட்டைக்கால்களின் மேல் பலகை போட்ட தரையும் இதற்கு ஏற்றதல்ல. தரைமட்டத்தில் மண்ணின் மேல் நேரடியாகக் கொட்டிய கான்கிரீட் தளமே சரியான இடம். தளத்தில் வெடிப்போ பள்ளமோ இருந்தால், கட்டுமான வேலை தெரிந்தவரிடம் காட்டிவிட்டு முடிவு செய்யுங்கள்.

பிற்பகல் வெயில் விழும் சன்னலோரமும் வேண்டாம். நீர் சூடேறும், பாசியும் மண்டும்.

வெட்டுதலும் ஒட்டுதலும்

கண்ணாடியை வெட்டி விளிம்பை மழுக்கித் தருவது கடைக்காரர் வேலை. சரியான அளவைக் கொடுப்பது உங்கள் வேலை. அடிக்கண்ணாடியின் மேல் முன், பின் கண்ணாடிகள் நிற்கும். அவற்றுக்கு நடுவே பக்கக் கண்ணாடிகள் வரும். 60 செ.மீ. அகலத்தில் இரண்டு 12 மி.மீ. தடிமன்கள் போனால் எஞ்சுவது 57.6 செ.மீ. இருபுறமும் பசைக்காக 2 மி.மீ. வீதம் இடம் விட்டால் 57.2 செ.மீ. இதை மறந்து 60 செ.மீ. என்று எழுதிக் கொடுத்தால், பக்கக் கண்ணாடி பொருந்தவே பொருந்தாது.

பசை என்பது மீன்தொட்டிக்கென விற்கும் சிலிகோன்தான். குளியலறைக்கான சிலிகோனில் பூஞ்சைக்கொல்லி மருந்து கலந்திருக்கும். அது மீன்களைக் கொல்லும். ஒட்டும்போது வினிகர் வாடை வருகிறதா? அது அசெட்டிக் அமிலம். சிலிகோன் காற்றிலுள்ள ஈரத்தோடு வினைபுரிந்து இறுகும்போது அந்த அமிலம் வெளியேறுகிறது. மேற்பரப்பு சில மணி நேரத்தில் காய்ந்ததுபோல் தெரியும். ஆனால் ஈரம் உள்ளே நுழைய நாள் பிடிக்கும். ஒரு வாரமாவது தொடாமல் விடுங்கள். இறுகிய சிலிகோனின் மேல் புதிய சிலிகோன் சரியாக ஒட்டாது. ஆகவே ஒரு மூட்டைத் தொடங்கினால் நிறுத்தாமல் முடிக்க வேண்டும்.

மாணவர்களே, இந்த வேலையில் ஒரு கட்டுப்பாடு. முன் கண்ணாடி ஒன்றே 32 கிலோ. அதைத் தூக்குவது தடித்த கையுறை அணிந்த பெரியவர்கள் இருவர் செய்ய வேண்டிய வேலை. அளவெடுப்பது, விளிம்புகளைத் துடைப்பது, ஒட்டுநாடா போடுவது, நேரம் குறிப்பது ஆகியவை உங்கள் பொறுப்பு.

ஒரு வாரச் சோதனை

தாங்கியின் மேல் நேரடியாகக் கண்ணாடியை வைக்கக்கூடாது. இரும்பு வளைந்து கொடுக்கும், கண்ணாடி கொடுக்காது. அடியில் சிக்கிய ஒரே ஒரு கல்துகள் போதும், 800 கிலோவின் ஒரு பகுதி அந்தப் புள்ளியில் குவிந்து விரிசல் விழ. நடுவே ஒரு போலிஸ்டிரீன் தகட்டை விரித்தால், அது நசுங்கி மேடுபள்ளத்தை நிரப்பும், எடையும் பரவிவிடும்.

முதல் முறை நிரப்புவதை வீட்டுக்கு வெளியே, சமமான சிமெண்டுத் தரையில் வையுங்கள். முதல் நாள் 15 செ.மீ. நீர், மறுநாள் 30, பிறகு 45, கடைசியில் முழு அளவு. ஒவ்வொரு நாளும் மூட்டுகளை உலர்ந்த செய்தித்தாளால் ஒற்றிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத கசிவையும் தாள் காட்டிக்கொடுத்துவிடும். நீர்மட்டத்திலிருந்து மேல் விளிம்புவரை நான்கு மூலைகளிலும் அளந்து பாருங்கள். நான்கும் ஒன்றாக இல்லையென்றால் தாங்கி சாய்ந்திருக்கிறது. நீரைவிட நல்ல மட்டக்கோல் கிடையாது. முழுதாக நிரம்பிய தொட்டி ஒரு வாரம் கசியாமல் நின்றால் மட்டுமே வீட்டுக்குள் கொண்டு வரலாம்.

ரப்பர் கன்று வந்த கண்ணாடிப் பெட்டி

தொட்டி தயார். ஆனால் அதற்குள் உயிர் வாழ முடியுமா? இந்தக் கேள்விக்கும் பேராக்குக்கும் ஒரு பழைய தொடர்பு உண்டு.

லண்டன் மருத்துவர் நத்தானியல் வார்ட், மூடிய கண்ணாடிப் புட்டி ஒன்றில் பெரணிச்செடி தானாக முளைத்து வளர்வதை 1829-இல் கவனித்தார். அதிலிருந்து பிறந்தவை ‘வார்ட் பெட்டிகள்’. செடிகளை உப்புக்காற்று படாமல் கடல் கடத்த அவை உதவின. பிரேசிலிலிருந்து சென்ற விதைகளில் முளைத்த ரப்பர் கன்றுகளை, லண்டன் கியூ தோட்டம் 1876-இல் இப்படிப்பட்ட பெட்டிகளில்தான் இலங்கைக்கு அனுப்பியது. மறு ஆண்டு சிங்கப்பூர் வந்து சேர்ந்த கன்றுகளில் சில கோலகங்சாரில் நடப்பட்டன. நம் முன்னோர் பால் வெட்டிய தோட்டங்களின் கதை அங்கிருந்து தொடங்குகிறது.

அதே காலக்கட்டத்தில் ராபர்ட் வாரிங்டன் என்ற வேதியியலாளர், கண்ணாடித் தொட்டியில் இரண்டு தங்கமீன்களையும் நீர்ச்செடியையும் விட்டுப் பார்த்தார். செடி ஆக்சிஜன் தந்தது. ஆனால் அழுகிய இலைகளால் நீர் கலங்கியது. அழுகலைத் தின்ன நத்தைகளை விட்டார், நீர் தெளிந்தது. 1850-இல் இந்த முடிவை லண்டன் வேதியியல் சங்கத்தில் அறிவித்தார். கழிவைச் சிதைக்க யாராவது இருந்தால்தான் தொட்டி நிலைக்கும் என்பதே அவர் கண்ட பாடம். கண்ணுக்குத் தெரியாத வேலையாட்கள் இன்னும் பலர் உண்டு என்பது பின்னர் தெரியவந்தது.

ஆறு வாரம் பொறுங்கள்

மீன்கள் செவுள் வழியாக அமோனியாவை வெளியேற்றுகின்றன. மிஞ்சிய தீனியும் அழுகி அமோனியாவாகிறது. அது நஞ்சு. ஒரு வகை பாக்டீரியா அமோனியாவை நைட்ரைட்டாக மாற்றுகிறது, அதுவும் நஞ்சே. இன்னொரு வகை அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றுகிறது. இது அளவோடு இருந்தால் பெரிய தீங்கில்லை. புதுத் தொட்டியில் இந்த பாக்டீரியாக்கள் போதிய அளவில் இருப்பதில்லை. புதிதாக வாங்கிய மீன்கள் ஒரே வாரத்தில் சாவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். கடைக்காரரின் கைராசி அல்ல.

எனவே மீன் விடாமலேயே தொட்டியை ஓடவிடுங்கள். நாள்தோறும் ஒரு சிட்டிகை தீனி போடுங்கள். அமோனியா, நைட்ரைட் இரண்டும் முதலில் ஏறி, பிறகு சுழியாகும்வரை சோதனைப் பெட்டியால் பார்த்துக் குறித்து வாருங்கள். நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். ஏற்கனவே நன்றாக ஓடும் தொட்டியிலிருந்து வடிகட்டிப் பஞ்சு கொஞ்சம் கிடைத்தால் காலம் குறையும். அந்தப் பஞ்சைக் குழாய் நீரில் அலசாதீர்கள். கிருமி நீக்கும் குளோரின் உங்கள் வேலையாட்களையும் கொன்றுவிடும். தொட்டி நீரிலேயே அலசுங்கள். தொட்டிக்குள் விடும் குழாய் நீருக்கும் குளோரின் நீக்கி சேர்க்க வேண்டும்.

நீரின் பி.எச். அளவும் இங்கே முக்கியம். 28 பாகை வெப்பத்தில், பி.எச். 7 ஆக இருந்தால் அமோனியாவில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவே கொடிய வடிவில் இருக்கும். பி.எச். 8 ஆனால் அது நூற்றில் ஆறு பங்கைத் தாண்டிவிடும். ஒரே ஓர் எண் ஏறியதில் ஆபத்து ஏறக்குறைய பத்து மடங்கு!

வடிகட்டி, மணிக்குத் தொட்டி நீரை நான்கு முறையாவது சுற்ற வேண்டும். 540 லிட்டருக்கு 2,160 லிட்டர் ஆகிறது. 2,500 லிட்டர் பம்ப் போதும். தொட்டியின் மேலேயே அமரும் வடிகட்டிப் பெட்டி தொடக்கத்திற்கு ஏற்றது. இடிமழையில் மின்சாரம் போனாலும், அதிலிருக்கும் நீர் தொட்டிக்குள்ளேயே விழும், தரைக்கு வராது. மின்கலத்தில் ஓடும் காற்று பம்ப் ஒன்றைக் கைவசம் வையுங்கள். மின்கம்பிகளைச் சுவர்ச் செருகிக்குக் கீழே தொங்கி மேலே ஏறும்படி விட்டால், வழியும் நீர் வளைவிலேயே சொட்டிவிடும். மின்வேலை முழுவதும் பெரியவர்கள் பொறுப்பு.

வாரம் ஒருமுறை கால் பங்கு நீரை, அதாவது 135 லிட்டரை மாற்றுங்கள். வெளியே எடுக்கும் நீரில் நைட்ரேட் இருக்கிறது. அது செடிகளுக்கு உரம். மிளகாய்ச் செடிக்கும் கறிவேப்பிலைக்கும் ஊற்றுங்கள்.

எந்த மீன்?

கடையில் ஒரு விரல் நீளத்தில் விற்கும் சிவப்புவால் கெளுத்தி ஒரு மீட்டருக்கு மேல் வளரும். ‘லம்பாம் சுங்கை’ 30 செ.மீ.யைத் தாண்டும். நம் தொட்டியின் அகலமோ 60 செ.மீ. தான். திரும்பக்கூட இடமில்லாத மீனுக்கு எவ்வளவு விலையுயர்ந்த தொட்டியும் சிறைதான். வாங்கும் மீனின் இன்றைய அளவைப் பார்க்காதீர்கள்; வளர்ந்தபின் அது எவ்வளவு இருக்கும் என்று கேளுங்கள்.

நம் மண்ணின் மீன் ஒன்றைப் பரிந்துரைக்கலாம்: ஹார்லிகுயின் ராஸ்போரா. செம்பு நிற உடலில் கறுப்பு முக்கோணம். நீளம் 5 செ.மீ.க்குள். 1904-இல் அறிவியல் உலகுக்கு விவரிக்கப்பட்ட இந்த மீன், மலாயாத் தீபகற்பத்தின் காட்டு ஓடைகளுக்கும் சதுப்பு நீருக்கும் உரியது. இலைகள் ஊறி, பார்ப்பதற்குத் ‘தே ஓ’ போலிருக்கும் அமில நீர் அதற்குப் பிடிக்கும். காய்ந்த கெத்தாப்பாங் இலைகள் சிலவற்றைப் போட்டால் உங்கள் தொட்டியிலும் அந்த நிறம் வரும். பண்ணையில் வளர்த்த மீன்களையே வாங்குங்கள். காட்டோடையில் பிடிக்க வேண்டாம். முதலில் பத்து, இரண்டு வாரம் கழித்து இன்னும் பத்து என்று கூட்டுங்கள். பாக்டீரியாவும் அதே வேகத்தில் பெருகிக்கொள்ளும். அறுபது மீன்கள் ஒரே கூட்டமாகத் திரும்பும் காட்சிக்குத்தான் அந்த ஆறடி நீளம்.

ஆறு குப்பைத்தொட்டி அல்ல

கடைசியாக ஒன்று. மீன் அளவுக்கு மீறி வளர்ந்துவிட்டது அல்லது வளர்த்து அலுத்துவிட்டது என்றால் சிலர் அதை ஆற்றில் விட்டுவிடுகிறார்கள். புண்ணியம் என்று நினைத்துச் செய்யும் அந்தக் காரியம் ஆற்றுக்குக் கேடு. தொட்டியின் பாசியைத் தின்பதற்காகத் தென் அமெரிக்காவிலிருந்து வந்த ‘இக்கான் பண்டாராயா’ இன்று நம் நாட்டு ஆறுகள் பலவற்றில் பெருகிவிட்டது. கரைகளைக் குடைகிறது, உள்ளூர் மீன்களோடு உணவுக்குப் போட்டியிடுகிறது.

சிலிம் ஆறு பெர்ணம் ஆற்றில் கலக்கிறது. பெர்ணம் ஆற்றின் தென்கரையில், சிலாங்கூர் பக்கம் பரந்திருக்கிறது ஒரு கரிச்சதுப்புக் காடு. பெத்தா லிவிடா என்ற சிறு சண்டைமீனுக்கு அதுதான் வீடு. 1992-இல்தான் அதற்கு அறிவியல் பெயர் கிடைத்தது. சிலிம் ரிவரில் யாரோ ஒரு வாளியிலிருந்து ஊற்றிய மீனுக்குக் கீழே ஓடும் வழி திறந்தே இருக்கிறது. வேண்டாத மீனைக் கடைக்கே திருப்பிக் கொடுங்கள். அல்லது வளர்க்கத் தெரிந்த ஒருவரிடம் சேருங்கள்.

அப்படிச் சேர்க்க ஆள் கிடைக்குமா என்பதையும் அந்தத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். கண்ணாடியின் தடிமன், தரையின் பலம், மீன் வளரும் அளவு, விலகும் வழி ஆகிய நான்குக்கும் விடை கிடைத்த பிறகு கண்ணாடிக் கடைக்குக் கிளம்பலாம்.